ஓட்டுக் கேட்ட தமிழிலேயே பதிலும் வரட்டும்





ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகள் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டன. இடுக்கி மலையில் மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தல், 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல், அதன் களைப்புத் தீருமுன் இப்போது சட்டமன்றத் தேர்தல். சுவர்களுக்கு வெள்ளையடித்து, எந்தக் கட்சிக்கு எந்தச் சுவர் என்று புக் செய்தாகிவிட்டது. ஸ்குவாடு என்ற பெயரில் ஐந்தாறு பேராக வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பிரசாரம் முடியும் கடைசி மாலையின் கொட்டிக்கலாசம்வரை இந்த இரைச்சல் ஓயாது.

இந்த வாரங்களில் தமிழுக்குப் பெரிய மரியாதை. நோட்டீசு தமிழில் வருகிறது. மலையிறங்கிப் போய்ப் போடியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பேச்சாளர்களைக் கூட்டி வருகிறார்கள். சினிமா மெட்டில் தமிழ்ப் பாட்டு எழுதிப் பதிவு செய்கிறார்கள். தமிழ் சரளமாக வராத வேட்பாளர்கூட தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் வாசலில் நின்று நாலு வார்த்தை தமிழில் பேசிவிட்டுத்தான் போகிறார். இதையெல்லாம் நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. மக்களிடம் அவர்கள் மொழியில் பேசுவது நல்ல அரசியலின் முதல் படி. வாக்கு எண்ணி முடிந்த பிறகு வில்லேஜ் ஆபீசிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் அந்தத் தமிழ் எங்கே போகிறது என்பதுதான் எங்கள் கவலை. கட்சிகளுக்கெல்லாம் ஒரு தேர்தல் உத்தி இருக்கிறது. வாக்காளருக்கும் ஓர் உத்தி வேண்டும். இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

நம் மலையில் நடந்த ஒரு பழைய தேர்தலிலிருந்து தொடங்குவோம். 1957-ல் கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். புதிய அவையில் முதலில் பதவியேற்றவர் அவர். தற்காலிக சபாநாயகராக இருந்து மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்துவைத்தவரும் அவரே. ஆனால் மனுத் தாக்கல் செய்த பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தவறாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்கு நடந்தது. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசுக்கு அப்போது சொந்தக் கட்சியில் 60 பேர், ஆதரவு தந்த சுயேச்சைகள் 5 பேர். 126 இடங்கள் உள்ள அவையில் ஒரு தொகுதி போனாலும் அரசு ஆட்டம் காணும். அதனால் ஒரு மலைத் தொகுதியின் இடைத்தேர்தலை நாடே கவனித்தது.

அந்தத் தேர்தலில் மலைக்கு மேலே ஏறி வந்தார் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். கையில் ஆர்மோனியம், கூடத் தம்பிமார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடினார். நுகம் பூட்டிய இரட்டைக் காளை அன்று காங்கிரஸின் சின்னம். அந்தக் காளைகளைக் கேலி செய்து அவர் பாடிய பாட்டைத் தொழிலாளர்கள் கொழுந்து கிள்ளும்போதும் முணுமுணுத்தார்கள். இளையராஜாவின் இசைப் பயணம் அண்ணனின் அந்தக் குழுவில்தான் தொடங்கியது. ரோசம்மா முன்பைவிடக் கூடுதல் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வெற்றிக்குப் பாவலரின் பாட்டு பெரிய காரணம் என்று அன்றைக்கே பேசப்பட்டது.

அந்தப் பாட்டு ஏன் எடுபட்டது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடி ஓய்ந்திருந்த காலம் அது. 1954-ல் தடையை மீறி மூணாறுக்கு வந்த மார்ஷல் நேசமணியைக் கைது செய்தார்கள். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழகத்துக்குப் போனது. இந்த மலைத் தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. எல்லைக்கோடு விழுந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், தோட்டத் தமிழர் எந்தக் கொடியின் கீழ் நிற்பார்கள் என்பதே கேள்வியாக இருந்தது. கூலி, ரேஷன், கங்காணியின் அதட்டல் என்று அவர்கள் அன்றாடம் அனுபவித்ததை அவர்கள் பேச்சிலேயே பாடினார் பாவலர். கீழே தொழிற்சங்கத்தின் வேலை இருந்தது, மேலே பாட்டு இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் ஓட்டாயிற்று. வேலை இல்லாமல் பாட்டு மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதை இன்றைய ஜீப்புகளுக்குப் பின்னால் நடந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து 2015. அந்த ஆண்டு செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் பாதியாக, 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. கட்சித் தலைவர்களையும் சங்கத் தலைவர்களையும் அவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் அண்டவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பேச்சு முடிந்து, போனசும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. அடுத்த மாதம் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய் ஆனது. அவர்கள் கேட்டது 500 ரூபாய்.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அந்தப் பெண்களே வேட்பாளர்களாக நின்றார்கள். தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தில் ஓர் இடமும் மூணாறு பஞ்சாயத்தில் இரண்டு வார்டுகளும் அவர்களுக்குக் கிடைத்தன. பணமோ கட்சி அலுவலகமோ ஃப்ளெக்ஸ் அடிக்க ஆளோ இல்லாமல் அடைந்த வெற்றி அது. ஆனால் ஆறே மாதத்தில், 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், அதே அமைப்பின் பெயரில் தேவிகுளத்தில் நின்றவருக்கு ஆயிரம் ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. இடையில் தலைமை பிளந்தது. பெரிய கட்சிகள் தங்கள் சங்கங்களை மறுபடி தூக்கி நிறுத்தின. அதே தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் 11,000-க்கும் மேல் வாங்கினார். வென்ற மார்க்சிஸ்ட் கட்சி வேட்பாளருக்கும் தோற்ற காங்கிரஸ் வேட்பாளருக்கும் இடைவெளி 6,000-க்கும் குறைவு. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சின்னத்துக்கு விழுந்த ஓட்டு, இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவைவிட அதிகமாக இருந்தது. அன்றிலிருந்து எல்லாக் கட்சியும் தமிழ் ஓட்டைத் தனிக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறது. நம்மைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில் மகிழ்ச்சிதான். கணக்கு முடிந்த பிறகும் நம்மை நினைக்க வேண்டும் அல்லவா?

தேவிகுளம் இன்னொரு பாடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது. காகிதம் முக்கியம். 1957-ல் ஒரு வேட்புமனு தள்ளுபடியானதால் தேர்தலே செல்லாமல் போனது. 2021-ல் இதே தொகுதியில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்காக நின்ற அ.தி.மு.க. வேட்பாளரின் மனு, படிவத்தில் குறை இருப்பதாகத் தள்ளப்பட்டது. கடைசி நேரத்தில் ஒரு சுயேச்சையை ஆதரிக்க வேண்டி வந்தது. அந்தத் தேர்தலில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஆ. ராஜா 2021 மே 24-ம் தேதி சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். தோட்டத்து வீடுகளில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எத்தனை பெருமை! ஆனால் அவருக்கு எழுதிக்கொடுத்த தமிழ் வாசகத்தில், கடவுளின் பெயராலோ உளமார்ந்தோ உறுதி கூறுவதாகச் சொல்லும் பகுதியே விடுபட்டிருந்தது. அதனால் ஜூன் 2-ம் தேதி மறுபடியும் பதவியேற்க வேண்டியதாயிற்று. பிறகு அவருடைய தேர்தலையே 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து தேர்தலை உறுதிப்படுத்தியது.

உறுதிமொழி விவகாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் பதவியேற்க மாநிலம் இடம் கொடுத்தது, அது உரிமை. அந்தத் தமிழைச் சரிபார்க்க அங்கே ஓர் ஆள் இல்லாமல் போனது. கேரளத்தில் தமிழ் மொழிச் சிறுபான்மையினரின் நிலை பல இடங்களில் இதுவேதான். உரிமை ஏட்டில் இருக்கிறது. அதைச் செய்து கொடுக்க ஆள் இருப்பதில்லை. வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, எங்கள் தாலுகா ஆபீசில் தமிழில் மனுக் கொடுத்தால் தமிழில் பதில் எழுத ஆள் போடுவீர்களா என்று கேளுங்கள். தெளிவான கேள்வி. ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி.

சமவெளிக்கு வருவோம். பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் அரசியல் என்றால் தண்ணீர். சித்தூர் வட்டாரம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைத் தமிழகம் கேரளத்துக்குத் தர வேண்டும். அந்தத் தண்ணீர் மூலத்தறை வழியாக வந்தால்தான் சித்தூர் வயல் நனையும். வாங்க வேண்டியது கேரளம், கொடுக்க வேண்டியது தமிழகம், வயலில் நிற்பவர் வீட்டிலோ பேச்சு தமிழ். இந்த விவசாயியிடம் மேடையேறி இரண்டு பக்கத்துக் கட்சிகளும் வீரம் பேசுவது எளிது. எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் வர வேண்டியிருந்தது, எவ்வளவு வந்தது, குறைந்ததைக் கேட்டுக் கடிதம் போனதா என்று அவரோடு உட்கார்ந்து பேசுகிற வேட்பாளர்தான் அரிது. அப்படி ஒருவர் வந்தால் கட்சி பார்க்காமல் அவருக்கு நாற்காலி போடுங்கள்.

ஒரு சின்ன பஞ்சாயத்தின் ஓட்டு என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இதே சித்தூர் வட்டாரத்துப் பெருமாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் வற்றி, மிச்சம் இருந்ததும் வாயில் வைக்க முடியாமல் போனபோது, 2002 ஏப்ரல் 22-ல் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எரவாளர் குலத்துத் தாய் மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். அவருடைய பேச்சைப் புரிந்துகொள்ள நமக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 2003-ல் பெருமாட்டி பஞ்சாயத்து ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகப் பெரும் நிறுவனம் ஒன்றின் முன்னால் உறுதியாக நின்றது வார்டு உறுப்பினர்கள் உட்கார்ந்த ஒரு சாதாரண மன்றம். இழப்பீடு இன்னும் மக்கள் கைக்கு வரவில்லை என்பதும் உண்மை. 216 கோடி ரூபாய் என்று 2010-ல் உயர்மட்டக் குழு மதிப்பிட்டது. 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்குத் தில்லியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் பிளாச்சிமடையின் பெயர் மேடையில் ஒலித்தது.

2024 நவம்பரில் நடந்த பாலக்காடு இடைத்தேர்தலை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 13 என்று குறித்த வாக்குப்பதிவை, கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்காக 20-ம் தேதிக்குத் தள்ளி வைத்தது தேர்தல் ஆணையம். ஒரு தமிழ் அக்ரகாரத்தின் தேருக்காகத் தேதியே மாறியது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பிரசாரத்தில் நாட்கணக்கில் பேசப்பட்டது என்ன? நள்ளிரவில் ஒரு விடுதியில் காங்கிரஸ் பெண் தலைவர்களின் அறைவரை போன போலீஸ் சோதனை. பணம் எதுவும் சிக்கவில்லை. பிறகு ஒரு நீல நிற டிராலிப் பை. அதில் என்ன இருந்தது என்று இரு தரப்பும் வாதம். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் இரண்டு நாளிதழ்களில் இடது முன்னணி தரப்பில் வந்த விளம்பரம். அது மதத்தின் பெயரால் ஓட்டைப் பிரிக்கிறது என்று புகார். அதே நாட்களில் நெல்லைக் கொடுத்துவிட்டுக் கொள்முதல் பணத்துக்காகக் காத்திருந்த பாலக்காட்டு விவசாயியின் குரல் அந்த நீலப் பையின் சத்தத்தில் காணாமல் போனது. எந்தக் கட்சி அதிகத் தவறு செய்தது என்று தராசு பிடிக்க நாங்கள் வரவில்லை. கடைசி மூன்று நாளில் கிளம்பும் பரபரப்பு நம் கேள்விகளை மறக்கடிக்கவே கிளம்புகிறது என்பதை வாக்காளர் புரிந்துகொள்ள வேண்டும்.

பிரசாரத்துக்கு எல்லை போட்டதிலும் நம் மண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இந்தியா முழுக்க இன்று பேசப்படும் தேர்தல் நடத்தை விதிகள் முதலில் உருவானது 1960-ல், கேரளச் சட்டமன்றத் தேர்தலின்போது. கூட்டம், ஊர்வலம், பேச்சு, சுவரொட்டி ஆகியவற்றில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கட்சிகள் ஒப்புக்கொண்ட பட்டியலாக அது பிறந்தது. 1962-ல் அதை நாடெங்கும் கட்சிகளுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் அது முப்பது ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. அதற்குப் பல் முளைக்க வைத்தவர் பாலக்காடு திருநெல்லாயில் பிறந்த தமிழர் டி.என். சேஷன். பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். 1990 டிசம்பரிலிருந்து 1996 டிசம்பர்வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தார். தேர்தல்களைத் தள்ளி வைத்தார், செலவுக் கணக்குக் கேட்டார், வாக்காளர் புகைப்பட அடையாள அட்டையை வற்புறுத்திக் கொண்டுவந்தார். இன்று உங்கள் பர்ஸில் இருக்கும் அந்த அட்டைக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவரின் பிடிவாதம் இருக்கிறது. அவர் மண்ணில் ஓட்டுப் போடுகிற நாம் விதிகளைத் தெரிந்துவைத்திருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே சில விதிகளை நினைவூட்டுகிறோம். தேர்தல் நோட்டீசில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லாத நோட்டீசை நம்பாதீர்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டமும் ஊர்வலமும் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வாக்காளர்களை வாடகை வண்டியில் இலவசமாகச் சாவடிக்கு ஏற்றிக்கொண்டு போவதும், ஒரு வேட்பாளரின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவதும் சட்டத்தின் கண்ணில் முறைகேடு. சாவடிக்கு ஜீப் அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நடந்து போங்கள்.

இன்னொன்றைப் பேசாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. இரட்டை வாக்கு. தேர்தல் வந்தாலே எல்லைத் தமிழர்மேல் இந்தப் பழி விழுகிறது. 2021-ல் கேரளத்திலும் தமிழகத்திலும் ஏப்ரல் 6 ஒரே நாளில் வாக்குப்பதிவு. 2024-ல் தமிழகத்தில் ஏப்ரல் 19, கேரளத்தில் ஏப்ரல் 26. ஒரு வாரம் இடைவெளி வந்ததும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி சோதனைச் சாவடிகள் பற்றித்தான் பேச்செல்லாம். இரண்டு பட்டியலிலும் பெயர் ஏன் வருகிறது என்று கேட்பவர் குறைவு. தோட்டத் தொழிலாளிக்கு லயம் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் அந்த ஒற்றை அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். நிலத்துக்குப் பட்டயமும் இல்லை, சொந்த வீடும் இல்லை. அதனால் தேனியிலோ தென்காசியிலோ தூத்துக்குடியிலோ ஒரு துண்டு நிலம், ஓர் ஓட்டு வீடு, அங்கே ஒரு ரேஷன் கார்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு 70 பேர் போனார்களே, அந்தக் குடும்பங்களுக்குக் கயத்தாற்றிலும் உறவு இருந்தது. மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் இங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடைக்காத வாழ்க்கைதான் இரண்டு ஊரிலும் கால் வைக்கச் செய்கிறது.

காரணம் புரிகிறது. அதற்காகத் தவறு சரியாகிவிடாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிப் பட்டியலில்தான் இருக்க முடியும். ஒரே தேர்தலில் இரண்டு இடத்தில் போட்ட ஓட்டு இரண்டுமே செல்லாது. பொய்யாக உறுதி கொடுத்துப் பெயர் சேர்த்தால் ஓராண்டுவரை சிறை. 2025 நவம்பர் 4-ல் இரு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, எல்லைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்தது. எங்கே வாழ்கிறீர்களோ, எங்கே உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகிறதோ, அங்கே ஓட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் உறுதியாக நிற்கும் ஓட்டைத்தான் வேட்பாளர் மதிப்பார். இரண்டு பக்கமும் போகிற ஓட்டை இரண்டு பக்கமும் விலைக்கு மட்டுமே கேட்பார்கள். இரட்டை வாக்கைப் பற்றி உரத்துப் பேசுகிற கட்சிகளுக்கும் ஒரு வார்த்தை: லயத்தை விட்டு இறங்குபவருக்கு இங்கேயே வீடும் பட்டயமும் கொடுங்கள், இரண்டாவது பட்டியலுக்குத் தேவையே இருக்காது.

இந்த ஊர்களில் அரசியலைத் தினம் கைபேசியில் எழுதும் இளைஞர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத வார்டுகளின் செய்தி அவர்களால்தான் வெளியே வருகிறது. அவர்களை நாங்கள் மனதார மதிக்கிறோம். அவர்களுக்கு அண்ணனாக, அக்காவாக நின்று ஒன்று சொல்கிறோம். தம்பி, தங்கச்சி, எழுதுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது. மலையின் மேல் எதிரும் புதிருமாக நிற்கும் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் மலைக்குக் கீழே தமிழகத்தில் 2021-ல் ஒரே தி.மு.க. கூட்டணியில் நின்றன. கீழே எடுத்த படத்தை மேலே போட்டு, மேலே பேசிய பேச்சைக் கீழே வெட்டிப் போட்டு மக்களைக் குழப்புவது மிக எளிது. தேதியும் இடமும் இல்லாத படத்தைப் பகிராதீர்கள். முல்லைப் பெரியாறு அணையின் பெயரைச் சொல்லி இரு மாநில மக்களைப் பகையாக்கும் எதையும் கண்டிப்பாகப் பகிராதீர்கள். குமுளியில் கல் விழுந்தால் எல்லைக்கு அப்பால் கம்பத்தில் கண்ணாடி உடையும், அடி வாங்குவது இரண்டு பக்கமும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான்.

இப்போது வாக்காளரின் உத்திக்கு வருவோம். மிக எளிமையானது. ஒரு நோட்டு எடுங்கள். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு வேட்பாளரும் கொடுக்கும் வாக்குறுதியைத் தேதி போட்டு எழுதுங்கள். அவர் கண்முன்னே, தமிழில் எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே பாதி வாக்குறுதி குறைந்துவிடும். மிஞ்சுவது செய்யக்கூடியதாக இருக்கும்.

அடுத்து, யாரிடம் எதைக் கேட்பது என்பதில் தெளிவாக இருங்கள். தெருவிளக்கு, வார்டு ரோடு, அரசு வீட்டுத் திட்டமான லைஃப் மிஷனின் பட்டியல் ஆகியவை பஞ்சாயத்தின் பொறுப்பு. பட்டயம் வருவாய்த் துறையின் கையில், அதற்கு எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எழுந்து பேச வேண்டும், அமைச்சரை விரட்ட வேண்டும். தோட்டக் கூலியை முடிவு செய்வது அரசும் முதலாளிகளும் சங்கங்களும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழு. அங்கே உங்கள் சங்கம் என்ன பேசியது என்று சங்கத் தலைவரிடம் கேளுங்கள். ஆழியாற்றுத் தண்ணீர் இரண்டு மாநில அரசுகளின் விஷயம். வார்டுக்கு நிற்பவர் தினக்கூலியை உயர்த்துவேன் என்றாலும், எம்.எல்.ஏ.வுக்கு நிற்பவர் ஆற்றையே திருப்புவேன் என்றாலும், அது தன் கையில் இல்லாததைக் கொடுக்கும் பேச்சு.

மூன்றாவது, தேர்தல் முடிந்த பிறகும் அந்த நோட்டை மூடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஊர்க் கூட்டத்தில், கிராம சபையில், குடும்பஸ்ரீக் கூட்டத்தில் அதைப் படியுங்கள். செய்ததைச் செய்தார் என்று சொல்லுங்கள், நன்றியும் சொல்லுங்கள். செய்யாததை, செய்யவில்லை என்று எழுதுங்கள். பெம்பிளை ஒருமைப் பெண்கள் ஒன்பது நாள் உட்கார்ந்து வாங்கியதை ஐந்து ஆண்டு உட்கார்ந்து காப்பாற்ற ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், 2016-ன் கதை வேறாக இருந்திருக்கும்.

ஓட்டுப் போடாமல் இருந்துவிடலாம் என்று சலிப்பவர்களுக்கு ஒரு செய்தி. கேரளத்தின் முதல் ஆதிவாசிப் பஞ்சாயத்து இடமலைக்குடி, முதுவர் மக்களின் ஊர். 2024 மக்களவைத் தேர்தலில், படுக்கையில் இருந்த 92 வயது முதியவர் ஒருவரின் ஓட்டை வாங்கத் தேர்தல் அதிகாரிகள் யானைக்காட்டு வழியில் நடந்தே போனார்கள். ஒரே ஓர் ஓட்டு. அதற்கு அரசாங்கம் கொடுக்கும் மதிப்பு அவ்வளவு. அந்த மதிப்பை நாமும் நம் ஓட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு வந்த வேட்பாளர்கள் என்ன வாக்குறுதி தந்தார்கள், எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காமல் வெளியிடுவோம். அடுத்த ஆண்டு இதே மாதம் அவற்றை எடுத்து வைத்து, என்ன நடந்தது என்று அவர்களிடமே கேட்போம். வாக்குப்பதிவு நாளன்று காலையிலேயே சாவடிக்குப் போங்கள், அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஓட்டை நீங்களே முடிவு செய்யுங்கள். தமிழில் வந்து ஓட்டுக் கேட்டவர்களிடம் ஐந்து ஆண்டும் தமிழிலேயே கணக்குக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்